அளவு ஜாக்கெட்

செக்கானூரணி டவுன் பஸ்ஸில்
கண்டக்டர் காலடியில் ஒரு மஞ்சள் பை.
அரசரடி நிறுத்தத்தில் எடுத்து நீட்டுவார்.
கொடுத்தது யார் என்று நான் கேட்பதில்லை.

உள்ளே பழைய வெள்ளை ஜாக்கெட், அளவுக்கு.
ரெண்டு மீட்டர் வெள்ளைப் பாப்ளின்.
கடிதம் இருக்காது.
வருஷத்துக்கு ஒருமுறை, தை மாதக் கன்வென்ஷனுக்கு முன்னால்.

எங்கள் சபையில் வெள்ளைதான்.
பொட்டில்லை, பூவில்லை, காது குத்துவதில்லை.
தெருவில் வளையல் சத்தம் கேட்டால்
அப்பா ஜெபத்தை நிறுத்தி, அது போகும்வரை காத்திருப்பார்.
வீட்டில் இருந்த ஒரே நிறம்
சொட்டு நீலம்.

சனிக்கிழமை அலுமினிய வாளியில் நான்தான் விடுவேன்.
ஒரு சொட்டு இறங்கும், நிற்கும்,
வேர்விடும், புகையாகும்.
தங்கை கெத்சியாள் கையை விட்டுக் கலக்குமுன்
தண்ணீரில் ஒரு துணி இருக்கும், ஒரு நிமிஷம்,
எனக்கு மட்டும்.
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் அதற்கும் ஒரு வசனம் எடுப்பார்கள்.

பத்தொன்பது வயதில் தல்லாகுளத்தில் டிப்ளமோ.
தையல் படிக்கிறாள் என்றார்கள் சபையில்.
பொய் இல்லை அது.
முதல் சாயங்காலம் விளக்குத்தூண் ஜவுளிக்கடையில்
எதுவும் வாங்காமல் ஒன்பது மணிவரை நின்றேன்.
மயில்கழுத்து, அரக்கு, மாந்துளிர் என்று
கடைப்பையன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டான்,
சொந்தக்காரர்களை அறிமுகம் செய்கிற மாதிரி.
"எடுக்கவே மாட்டீங்களாக்கா?"
எடுத்தேன். கால் மீட்டர் சிவப்பு.
ஹாஸ்டலில் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கினேன்.

கடைசி வருஷம் மேடையில் என் ஆறு உடுப்புகள் நடந்தன,
வாளியில் நீலம் இறங்கும் ஆறு நிலைகள்.
பேப்பரில் படம் வந்தது.
அடுத்த ஞாயிறு அப்பா பிரசங்கத்தில்
"தேவன் எனக்கு மூன்று பிள்ளைகளைக் கொடுத்தார்" என்றார்.
நாங்கள் நான்கு பேர்.

இப்போது சொந்தக் கட்டிங் மேஜை, நாலு மெஷின்,
முகூர்த்த மாதங்களில் ராத்திரி வேலை.
மணப்பெண்கள் கேட்பார்கள்,
"ஏன் மேடம் காது குத்தல?"
பேஷன் என்பேன்.
ஒருத்தி மறுவாரம் தோட்டைக் கழற்றிவிட்டு வந்தாள்.
எந்த நிறத்திலும் என்னை ஏமாற்றிவிடலாம்,
வெள்ளையில் முடியாது.

கெத்சியாளின் செய்தியெல்லாம்
எனக்கு இன்ச் டேப்பில்தான் வரும்.
போன வருஷம் கைச்சுற்றில் அரை இன்ச் குறைந்திருந்தது.
உபவாசமா, காய்ச்சலா?
சபையில் மருந்து எடுப்பதில்லை.
அந்த ஜாக்கெட்டை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன்.

இந்த வருஷம் மார்பு மூன்றரை இன்ச் கூடியிருக்கிறது.
பக்கத் தையலைப் பிரித்து
அவசரமாய்க் கையூசியில் ஓட்டியிருக்கிறாள்.
முன்பக்கம் ரெண்டு வட்டக் கறை,
துவைத்தும் போகாத மங்கல் மஞ்சள்.
மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.
மெஷினில் இருந்த பாண்டிச்செல்வி சிரித்தாள்:
"பால்க்கா அது. பிள்ளை பெத்தவங்க ஜாக்கெட்டு."

ஆணா, பெண்ணா?
வேதத்தில் எந்தப் பக்கத்துப் பெயர்?
செக்கானூரணியில் ஆறு டெய்லர் இருக்கிறார்கள்,
அவள் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறாள்.

வெட்டினேன். வெள்ளை நூல், வெள்ளைக் கொக்கி.
மிச்சத் துணியில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொடிச் சட்டை விழுந்தது.
வாளியில் தண்ணீர் பிடித்து
ஒரு சொட்டு விட்டேன்.
கலக்கவில்லை.
சட்டையை மெல்ல இறக்கி, அப்படியே எடுத்துக்
காயப் போட்டேன்.

நாலு துவையலில் போய்விடும்.
அதுவரை யாராவது கேட்டால்
நீலம் திட்டுத்திட்டாய்ப் பிடித்துவிட்டது என்று
சொல்லிக்கொள்ளட்டும்.